மழை மேல் பழி போட்டால் வழக்கு நிற்காது

வாசகி கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். போன மாதம் என் தம்பி (வயது 27) தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, சாயங்காலம் நல்ல மழையில் கார் ஓட்டி வீட்டுக்கு வந்தான். செம்பனை லோரிகள் வெளியே வரும் வளைவில் கார் வழுக்கி எதிர்ப்பக்கம் போய், வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் மீது மோதிவிட்டது. அதை ஓட்டி வந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான், வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார், கால் எலும்பு முறிந்துவிட்டது. தம்பிக்கும் தோள்பட்டையில் அடி, எம்.சி.யில் (மருத்துவ விடுப்பில்) இருக்கிறான். சாலை முழுக்க லோரி டயர் கொண்டு வந்த சேறு. ஆனால் போலீஸ் தம்பிக்குத்தான் 300 வெள்ளி சம்மன் கொடுத்தது. மழைக்கும் சேற்றுக்கும் இவன் எப்படிப் பொறுப்பாவான்? மோட்டாருக்கு ரோட் டேக்ஸ் முடிந்துவிட்டதாம், அப்படியென்றால் அவர் வழக்குப் போட முடியுமா? அவருடைய அண்ணன் 5,000 வெள்ளி கொடுத்தால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார். டொரோண்டோவில் இருக்கும் எங்கள் அத்தை மகன், அங்கே பனியில் வண்டி வழுக்கினால் ஓட்டியவரைக் குறை சொல்லவே மாட்டார்கள், இங்கேதான் இப்படி என்கிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மழை இருக்கிறது, சேறு இருக்கிறது, ரோட் டேக்ஸ் இருக்கிறது, டொரோண்டோ கூட இருக்கிறது. தம்பி அந்த வளைவுக்குள் என்ன வேகத்தில் நுழைந்தார், டயர் எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டும் இல்லை. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இந்த இரண்டையும்தான், அதனால் நீங்கள் இப்போதே தம்பியிடம் உட்கார்ந்து கேளுங்கள், கோபப்படாமல்.

வண்டி வழுக்கிய ஒரே காரணத்துக்காக யாரும் கவனக்குறைவானவர் ஆகிவிடுவதில்லை. நன்றாக ஓட்டுகிறவர் வண்டியும் வழுக்கும், மலேசியச் சட்டம் இதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கார் தன் தடத்தை விட்டு எதிர்த் தடத்தில் போய் ஒருவரை மோதியிருக்கிறது என்றால், ஏன் போனது என்று சொல்ல வேண்டிய சுமை நடைமுறையில் கார் ஓட்டியவர் பக்கம் வந்துவிடுகிறது. "மழை பெய்தது, சாலை வழுக்கியது" என்பது அதற்கு விளக்கமாகாது, ஏனென்றால் மழை பெய்வது அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தெரிந்த ஆபத்துக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைத்தாரா, முன்வண்டியோடு இடைவெளி விட்டாரா, விளக்குப் போட்டாரா, அந்த மழையைத் தாங்கும் டயர் இருந்ததா, இவைதான் கேள்விகள். பலகையில் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று போட்டிருக்கலாம். அது நல்ல வெயிலில் நல்ல சாலையில் தாண்டக் கூடாத உச்சம், கொட்டும் மழையில் 90-ல் போவதற்கு யாருக்கும் அது உரிமை கொடுக்கவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த வளைவு தம்பி தினமும் வேலைக்குப் போய் வரும் பாதை. எந்த நேரத்தில் லோரி வெளியே வரும், எங்கே சேறு படியும், மழை வந்தால் எந்த இடம் மோசம் என்பது அந்தப் பக்கம் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளியூரிலிருந்து முதல் முறையாக வந்தவர் "திடீரென்று சேறு இருந்தது" என்று சொன்னால் ஒரு நீதிபதி காது கொடுத்துக் கேட்கக்கூடும், உங்கள் தம்பி சொன்னால் "தெரிந்திருந்தும் ஏன் மெதுவாக வரவில்லை" என்ற கேள்விதான் திரும்பி வரும். பழகிய பாதை என்பது நம் கைகளுக்கு வசதி, சட்டத்தின் கண்ணில் அதுவே கூடுதல் பொறுப்பு.

அத்தை மகன் சொன்னதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கிறவர் சொன்னால் நம் வீடுகளில் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. டொரோண்டோ ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே விபத்தில் யார் பக்கம் எவ்வளவு தவறு என்று காப்புறுதி நிறுவனங்கள் முடிவெடுப்பதற்கு எழுதி வைத்த விதிமுறையே இருக்கிறது, 668-ஆம் எண் ஒழுங்குமுறை என்பார்கள். வானிலை, சாலையின் நிலை, கண்ணுக்குத் தெரியும் தூரம் இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்காமல்தான் தவறின் அளவை முடிவு செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போன வண்டியை ஓட்டியவர் மீது 100 விழுக்காடு தவறு, அதுவும் அதிலேயே இருக்கிறது. அதாவது உங்கள் தம்பியின் விபத்து அப்படியே டொரோண்டோவில் பனியில் நடந்திருந்தால், காப்புறுதிக் கணக்கில் அவருக்கு இங்கே இருப்பதை விடக் கடுமையான பதில்தான் கிடைத்திருக்கும். மேலும் அங்கே சாலையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று நகராட்சி மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் பொதுவாக 10 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

பனி நாடுகளில் ஆபத்து நம்மைவிடப் பெரியது என்பது உண்மைதான். சாலை மேல் கண்ணாடி போல மெல்லியதாகப் பனிக்கட்டி உறைந்திருக்கும், பார்த்தால் வெறும் ஈரம் மாதிரிதான் தெரியும். பாலங்களுக்குக் கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் மற்ற இடங்களுக்கு முன்பே பாலத்தின் மேல்தளம் உறைந்துவிடும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிக் கையேடு, ஈரச் சாலையில் வண்டி நிற்கத் தேவையான தூரம் குறைந்தது இரண்டு மடங்கு, பனி உறைந்த சாலையில் பத்து மடங்கு வரை ஆகலாம் என்கிறது. கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். இவ்வளவு ஆபத்து இருப்பதால் அங்கே ஓட்டுநருக்குச் சலுகை கொடுக்கவில்லை, தயாராக வா என்று கூடுதலாக எதிர்பார்க்கிறார்கள். நமக்குப் பனி இல்லை, ஆனால் அக்டோபர் நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிற மழை இருக்கிறதே, அது சரியாக ஷிப்ட் விடும் நேரத்தில்தான் வருகிறது. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழைதான் மிக மோசம், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழவழப்பாகிவிடும், அதன் மேல் தோட்டத்துச் சேறும் லோரியிலிருந்து விழுந்து நசுங்கிய செம்பனைப் பழமும் சேர்ந்தால் மோட்டார்காரர்கள் பாடு சொல்லவே வேண்டாம். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போகும்போது டயர் தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன் மேலேயே மிதக்கும், ஸ்டீரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்த டயருக்கு மழையில் வேலையே இல்லை. பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு வைத்திருப்பார்கள், டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும், இதை யாரும் வீட்டு வாசலிலேயே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சம்மனுக்கு வருவோம். 300 வெள்ளி சம்மன் என்றால் பெரும்பாலும் 1959-ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளில் 10-ஆவது விதிப்படி, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்கவில்லை என்பதற்காகக் கொடுத்திருப்பார்கள். சம்மன் தாளில் எந்த விதி என்று போட்டிருக்கும், பாருங்கள். அதைக் கட்டிவிட்டால் அந்தக் குற்றம் சம்பந்தப்பட்ட வரைக்கும் முடிந்தது, ஒத்துக்கொள்ள முடியாது என்றால் கட்டாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விசாரணை கேட்கலாம். ஆனால் 300 வெள்ளி கட்டியதால் இழப்பீட்டு வழக்கில் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை, கட்டாததால் ஜெயித்துவிட்டார் என்றும் இல்லை. இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிமன்றம் போலீஸ் வரைபடம், வண்டிகளின் சேதம், படங்கள், சாட்சிகள் எல்லாவற்றையும் பார்த்துத் தானாகத்தான் முடிவெடுக்கும். ஒருவர் காலை முறிக்கும் அளவு நடந்த விபத்துக்குப் போலீஸ் நினைத்திருந்தால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் கவனக்குறைவாக ஓட்டியதாக நீதிமன்றத்துக்கே கொண்டு போயிருக்கலாம், அதற்கு 4,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. உயிர் போயிருந்து அபாயகரமாக ஓட்டினார் என்று 41-ஆவது பிரிவில் நிரூபணமானால், 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, குறைந்தது 5 ஆண்டு சிறை. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. நம் பிள்ளைகள் இன்னும் "மழையில் வழுக்கிருச்சு, என்ன செய்றது" என்று சாதாரணமாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

தம்பி போலீஸ் புகாரில் என்ன எழுதினார் என்று ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று அதே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, பதற்றத்தோடும் வலியோடும் போய் "கனமழை, சாலை வழுக்கியது, கட்டுப்பாட்டை இழந்தேன்" என்று மூன்று வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பிறகு நீதிமன்றத்தில் போய்ச் சேற்றைப் பற்றிப் பேசினால், புகாரில் ஏன் சொல்லவில்லை என்பார்கள். சேறு இருந்தது உண்மை, அது புகாரில் இல்லை என்றால், மீண்டும் போய்க் கூடுதல் புகார் ஒன்று எழுதிக் கொடுக்கலாம். உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துச் சொல்வது, நடக்காததைச் சேர்ப்பது வேண்டாம், படமும் வரைபடமும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சேறு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. பொதுச் சாலையில் சேற்றை இறக்கிவிட்டு, கழுவாமல், எச்சரிக்கைப் பலகை கூட வைக்காமல் போனால் அந்தத் தோட்ட நிர்வாகமோ லோரி குத்தகைக்காரரோ பொறுப்பில் ஒரு பங்கை ஏற்க வேண்டி வரலாம். மோட்டார்காரர் வழக்குப் போட்டால் அவர்களையும் மூன்றாம் தரப்பாக வழக்கில் இழுக்க வழி இருக்கிறது, நீதிமன்றம் பொறுப்பைப் பிரிக்கும். ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். யாருடைய லோரி, அன்றைக்கு எவ்வளவு சேறு, எவ்வளவு நேரமாகக் கிடந்தது, முன்பு யாராவது புகார் கொடுத்து நிர்வாகம் கண்டுகொள்ளாமல் இருந்ததா? அன்று சாயங்காலம் அங்கே நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்திருப்பார்கள், அதை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் வந்த கார்களில் டேஷ்கேம் இருந்திருந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறுவதற்கு முன் கேளுங்கள். சேற்றுக்குப் பதிலாகக் குழி காரணமாக இருந்தால் பொதுப்பணி இலாகா அல்லது ஊராட்சி மன்றத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அரசாங்கத்தின் மேல் போடும் வழக்குக்குக் காலக்கெடு 36 மாதம்தான். இவ்வளவு செய்தாலும், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரிய பங்கு தம்பி மேல்தான் விழும் என்பது என் கணிப்பு, மோதல் நடந்தது மோட்டார்காரரின் தடத்தில்.

அவருடைய ரோட் டேக்ஸ் முடிந்திருந்தது அவருக்கும் ஜேபிஜேக்கும் (சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும்) உள்ள விவகாரம். அதற்கு அபராதம் தனியாக இருக்கிறது. ரோட் டேக்ஸ் இல்லாததால் உங்கள் தம்பியின் கார் எதிர்ப்பக்கம் போகவில்லையே, அதனால் அவருடைய இழப்பீட்டு உரிமை போய்விடாது. அவர் விளக்கு இல்லாமல் வந்தார், நடுக்கோட்டை ஒட்டி வேகமாக வந்தார் என்பது போல விபத்துக்கே காரணமான தவறு ஏதாவது இருந்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி அந்த அளவுக்கு அவருக்குக் கிடைப்பது குறையும். இதோடு, தோட்டத்துக்குள் ஓட்டுகிறோம் என்று ரோட் டேக்ஸும் காப்புறுதியும் இல்லாமல் மோட்டார் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: பொதுமக்கள் போய் வரக்கூடிய எந்தப் பாதையும் சட்டத்தில் சாலைதான், அது தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி.

5,000 வெள்ளி கொடுத்து முடிப்பதா? கொடுக்காதீர்கள். கெட்ட எண்ணத்தில் அவர் அண்ணன் கேட்டார் என்று நான் சொல்லவில்லை, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிற குடும்பத்துக்கு அன்றன்றைக்குப் பணம் வேண்டியிருக்கும். ஆனால் காப்புறுதிப் பத்திரங்களில், நிறுவனத்தைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தர வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை இருக்கும், அதை மீறினால் பின்னால் தம்பிக்குத்தான் சிக்கல். வெள்ளைத் தாளில் அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அடிபட்டவர் நாளைக்கு வழக்குப் போடுவதை அது தடுக்காது. கால் எலும்பு எப்படிக் கூடும், மறுபடி ஆபரேஷன் வருமா என்று இப்போது யாருக்கும் தெரியாது, 5,000 அவருக்கு மிகக் குறைவாகவே கூட இருக்கலாம், அவர் பக்கம் நின்று பார்த்தாலும் இது நல்ல ஏற்பாடு இல்லை. அடுத்தவருக்கு ஏற்படும் உடல் காயத்துக்காகத்தான் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு கட்டாயக் காப்புறுதி என்று வைத்திருக்கிறது. தம்பி வருடா வருடம் கட்டிய பணம் இந்த நாளுக்காகத்தான், அதைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே காப்புறுதி நிறுவனத்துக்கு இன்னும் தெரிவிக்கவில்லை என்றால் நாளைக்கே தெரிவியுங்கள். வழக்கறிஞர் கடிதமோ நீதிமன்ற அழைப்போ வந்தால் பயந்து அலமாரியில் வைத்துவிடாமல் அன்றே அவர்களிடம் ஒப்படையுங்கள், நான் பார்த்த குடும்பங்களில் கடிதத்தை மறைத்து வைத்ததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்து தவித்தவர்கள் உண்டு. வழக்குப் போட அவருக்கு விபத்து நாளிலிருந்து 6 ஆண்டு வரை நேரம் இருக்கிறது, எனவே ஆறு மாதம் சத்தமில்லை என்றதும் முடிந்துவிட்டது என்று ஆதாரங்களைத் தூக்கிப் போடாதீர்கள். காரைச் சரிசெய்யப் போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுக்கும் முன் நான்கு டயரையும், சேதத்தையும், தேதி தெரியும்படி படம் எடுங்கள். டயர் மாற்றிய ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். டயர் தேய்ந்துதான் இருந்தது என்றால் அதை மாற்றி மறைக்கும் வேலை வேண்டாம், அது இன்னொரு குற்றத்தில் கொண்டு போய் விடும், உங்கள் வழக்கறிஞரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தம்பியின் தோள்பட்டையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போல. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்த வழியில் நடந்தது என்றால் அது சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில்) பயண விபத்து, யார் மேல் தவறு என்று அங்கே பார்ப்பதில்லை. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றால் இப்போதாவது செய்யச் சொல்லி எம்.சி., போலீஸ் புகார், வேலை நேரப் பதிவு இவற்றைக் கொடுங்கள். வழியில் வேறு எங்காவது சொந்த வேலையாகத் திரும்பியிருந்தால் சிக்கல் வரலாம், அதையும் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார்காரரும் வேலை முடிந்துதான் போய்க்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கும் இதே வழி இருக்கிறது, அவர் குடும்பத்துக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

அவரைப் போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். தாராளமாகப் போங்கள். ஒரே ஊர், நாளைக்குக் கோயிலிலும் சந்தையிலும் முகம் பார்க்க வேண்டியவர்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது சட்டப்படி தவறை ஒப்புக்கொண்டதாகாது, பழம் வாங்கிக் கொடுத்தாலும் ஆகாது. யார் மேல் தவறு என்ற பேச்சை மட்டும் அங்கே எடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போகும்போது சொக்சோ விஷயத்தைச் சொல்லுங்கள், அப்புறம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: மருத்துவமனை வார்டிலேயே வந்து "கேஸ் நாங்கள் பார்க்கிறோம், ஜெயித்தால் பங்கு கொடுங்கள், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று சுற்றுகிற ஏஜென்ட் ஆட்களிடம் அடையாள அட்டை நகலைக் கூடக் கொடுக்க வேண்டாம். ஜெயித்தால் மட்டும் பங்கு என்று ஒப்பந்தம் போடுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்திருக்கிறது, முறையான வழக்கறிஞர் யாரும் வார்டு வார்டாக ஆள் அனுப்ப மாட்டார். வசதி குறைவென்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே அவரும் போய்க் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம்.